கைரம்பத்துக்கு அரம் போட வைஸ்: வாங்குவதா, செய்துகொள்வதா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா கோத்தகிரியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தச்சு வேலை செய்தவர். பங்களாக்களின் கதவு, சன்னல், தரைப் பலகை என்று எல்லாவற்றையும் கைக்கருவிகளாலேயே செய்தார். அவருடைய கருவிப் பெட்டி பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தது. சென்ற கோடையில் அதை இறக்கிப் பார்த்தபோது மூன்று ரம்பங்கள் நல்ல நிலையில் கிடைத்தன. ஒன்று, நார்வாட்டில் அறுக்கும் 26 அங்குல ரம்பம். அங்குலத்துக்கு 5 பற்கள். இன்னொன்று, குறுக்கே அறுக்கும் 22 அங்குல ரம்பம். அங்குலத்துக்கு 8 பற்கள். மூன்றாவது, மர இணைப்புகளை அறுக்கும், பித்தளை முதுகு வைத்த 12 அங்குல டெனான் ரம்பம். பெரிய ரம்பத்தின் தகட்டைத் துடைத்தபோது ‘ஸ்பியர் அண்ட் ஜாக்சன், ஷெஃபீல்ட்’ என்ற பொறிப்பு மங்கலாகத் தெரிந்தது. துருவை மண்ணெண்ணெயும் எமரித் தாளும் கொண்டு நீக்கிவிட்டேன். தகடுகள் நேராக இருக்கின்றன. பற்கள்தான் முற்றிலும் மழுங்கிவிட்டன.

இங்கே அரம் போட்டுத் தருபவர் யாரும் இப்போது இல்லை. நான் விசாரித்த தச்சர்கள் எல்லோரும் மழுங்கியதும் தூக்கி எறியும் ரம்பத்தையோ மின் ரம்பத்தையோதான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே நானே கற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, முக்கோண அரங்களை வாங்கிவந்தேன். என்னிடம் 4 அங்குலத் தாடை கொண்ட இரும்பு வைஸ் (இரு தாடைகளுக்கு இடையே பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்று இருக்கிறது. அதில் ரம்பத்தை நேரடியாகப் பிடித்தால் தகட்டில் தடம் விழும் என்பதால், ஒரு அடி நீளமுள்ள இரண்டு பலகைத் துண்டுகளுக்கு இடையே ரம்பத்தை வைத்து, அவற்றை வைஸில் இறுக்கினேன். ரம்பத்தின் முதுகு வைஸின் அடிப்பகுதியில் இடிப்பதால், பற்கள் பலகைக்கு மேலே சுமார் 4 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றன.

அரத்தை வைத்துத் தள்ளியதும் எழுந்த ஓசையை எழுத்தில் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். அரம் பல்லின் மேல் துள்ளுகிறது. சில பற்கள் ஆழமாகவும் சில பற்கள் மேலோட்டமாகவும் தேய்ந்திருக்கின்றன. இருபது பற்களை முடிப்பதற்குள் புதிய அரத்தின் ஒரு விளிம்பு பளபளத்துப் போய்விட்டது.

ரம்பத்துக்கென்றே வார்ப்பிரும்பில் செய்த பழைய வைஸ்கள் இணையத்தில் விற்பனைக்கு வருவதைப் பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், கனமான பொருள் என்பதால், அனுப்பும் கட்டணமே பொருளின் விலையைத் தாண்டுகிறது. அதை வாங்குவதா, மரத்தில் நானே செய்வதா? செய்வதென்றால் இங்கே எளிதில் கிடைக்கும் சில்வர் ஓக் அல்லது கற்பூர மரம் (யூகலிப்டஸ்) இதற்குத் தாங்குமா? இவற்றோடு இன்னொன்றையும் அறிய விரும்புகிறேன்: என் வைஸில் நான் செய்த தவறு எது? தாத்தாவின் ரம்பத்தைக் கெடுத்துவிடுவேனோ என்ற அச்சத்தில் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

மறுமொழி: குன்னூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஃபிட்டர்

வணக்கம் தம்பி. முதலில் அச்சத்தை விடுங்கள். இருபது பற்கள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்ததால் ரம்பம் கெட்டுவிடாது. தட்டை அரத்தைப் பற்களின் உச்சியில் நீளவாட்டில் ஓட்டி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், புதிதாகத் தொடங்கலாம். நிறுத்தி வைத்தது நல்ல முடிவு; ஏனென்றால் கோளாறு உங்கள் கையில் இல்லை, பிடியில் இருக்கிறது.

ரம்பத் தகடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான கனமே உள்ள எஃகு. அதன் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியைப் பக்கவாட்டில் தள்ளினால் அது வளையும். எவ்வளவு வளையும் என்பது, பிடிக்கு மேலே எவ்வளவு உயரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த உயரம் இரு மடங்கானால் வளைவு இரு மடங்காவதில்லை. ஏறக்குறைய எட்டு மடங்காகிறது. பல்லின் அடிப்பள்ளம் தாடைக்கு மேலே 5 மில்லிமீட்டரில் நின்றால் தகடு கல் போல இருக்கும். நீங்கள் 4 சென்டிமீட்டர் வைத்தீர்கள். அது எட்டு மடங்கு உயரம். உயரம் எத்தனை மடங்கோ அதை மும்முறை வைத்துப் பெருக்கினால் வளைவு கிடைக்கும்: 8 × 8 × 8 = 512 மடங்கு. அந்த அளவுக்குத் தளர்ந்துவிட்ட தகட்டின் மேல் அரத்தைத் தள்ளும்போது, தகடு ஒதுங்கிக் கொடுக்கிறது, மீண்டு வருகிறது, மறுபடியும் ஒதுங்குகிறது. அந்த அதிர்வைத்தான் நீங்கள் ஓசையாகக் கேட்டீர்கள். அரத்தின் வெட்டுகளும் அந்தத் துள்ளலில்தான் நொறுங்கின. நல்ல பிடியில் வைத்த ரம்பத்தில் அரம் எழுப்பும் ஓசை தாழ்ந்த, சீரான உரசலாக இருக்கும். எப்போது கிறீச்சிடத் தொடங்குகிறதோ, அப்போதே கையை எடுத்துவிட்டு ரம்பத்தை இறக்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது கோளாறும் உண்டு. ஒரு அடி நீளப் பலகையை 4 அங்குலத் தாடையால் நடுவில் மட்டும் அழுத்தினால், நடுப்பகுதி இறுகும், இரு முனைகளும் வாய் திறக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவே திறந்தாலும் போதும், அந்த இடத்தில் தகட்டுக்குப் பிடி இல்லை. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. செய்தித்தாளை விரல் அகலக் கீற்றுகளாகக் கிழித்து, பலகைகளுக்கு இடையே ஐந்தாறு இடங்களில் வைத்து இறுக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் கீற்று கிழியாமல் வழுக்கிக்கொண்டு வருகிறதோ, அங்கே உங்கள் வைஸ் வெறும் அலங்காரமாகத்தான் நிற்கிறது.

வார்ப்பிரும்பு வைஸைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பணிபுரிந்த பட்டறையில் அமெரிக்க வைஸ் ஒன்று இருந்தது. அதன் தாடை 9 அங்குலத்துக்கு மேல் இராது. பழைய வைஸ்களில் பெரும்பாலானவை 9 முதல் 11 அங்குலத் தாடை கொண்டவையே. 26 அங்குல ரம்பத்துக்கு அரம் போட, அதை மூன்று முறை நகர்த்திப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில், அதே சாய்வில் வைக்க வேண்டும். பழகியவருக்கு இது தொல்லை இல்லை. புதிதாகக் கற்பவருக்கு, நகர்த்திய இடத்தில் பல்லின் வடிவம் மாறுவது மிக எளிதில் நடக்கும். இதோடு, வார்ப்பிரும்பு எஃகைப் போல வளைந்து கொடுக்காது. கூடுதலாக இறுக்கினாலோ, கீழே விழுந்தாலோ விரிசல் விடும். நூறாண்டு கடந்த பொருளில் அந்த விரிசல் ஏற்கெனவே இருந்து, அதன் மேல் சாயம் பூசப்பட்டிருக்கவும் கூடும். கையில் எடுத்து, காகிதக் கீற்றை வைத்துப் பார்க்க முடியாமல் அதற்குப் பணம் கொடுக்க நான் துணியமாட்டேன். கோயம்புத்தூரில் பழைய இரும்புக் கடையில் நேரில் கிடைத்தால், தாடைகள் முழு நீளத்துக்கும் தொடுகின்றனவா என்று பார்த்து வாங்கலாம்.

மரத்தில் செய்வதைப் பற்றி, அதைச் செய்து பயன்படுத்துகிறவர்கள் சொல்லட்டும்.

மறுமொழி: பண்ணைக்காடு, பழனி மலை

இருவருக்கும் வணக்கம். குன்னூர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மரத்தில் செய்யும் முறையைச் சொல்கிறேன். நானும் என் கணவரும் கொடைக்கானல் சாலையில் மர வேலைப் பட்டறை ஒன்றை நடத்துகிறோம். எங்களிடம் உள்ள ரம்ப வைஸ் நான் செய்த மூன்றாவது வைஸ். முதல் இரண்டும் ஏன் தவறின என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவதைக் கற்பூர மரத்தில் செய்தேன். மரம் கனமானது, உறுதியானது, வீட்டு வாசலில் கிடைத்தது. ஆனால் அதன் நார் முறுக்கிக்கொண்டு வளரும். காயும்போது அளவுக்கு மீறிச் சுருங்கும். ஐப்பசி மழையில் ஊறி, தை மாதப் பனியில் காய்ந்து, நேராக இழைத்து வைத்த தாடை ஒரே பருவத்தில் திருகிக்கொண்டது. பிறகு எத்தனை முறை இழைத்தாலும் அது நிலைக்கவில்லை. எனவே கற்பூர மரம் வேண்டாம். சில்வர் ஓக் நன்றாகக் காய்ந்ததாக இருந்தால் கால்களுக்கு ஏற்றது. தாடைக்கு அது சற்று மென்மை. விளிம்பு நாளடைவில் நசுங்கும். தாடைக்கு மிகச் சிறந்தது, இடித்த வீட்டிலிருந்து எடுத்த பழைய தேக்கு நிலைச்சட்டம். அது பல பத்தாண்டுகள் இதே மலைக் காற்றிலேயே ஊறியும் காய்ந்தும் அடங்கிப்போன மரம். கிடைக்காவிட்டால் வேங்கையோ பலாவோ போதும். உங்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கம், எங்களுக்கு வத்தலக்குண்டு பக்கம். மரக்கடையில் துண்டு மரமாகக் கேட்டால் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். மலையில் நிற்கும் மரத்தை இதற்காக வெட்ட வேண்டாம். 1955 ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்டவும் முடியாது.

இரண்டாவது வைஸைத் தேக்கில் செய்தும் தவறியது என் கணக்கில்தான். 60 சென்டிமீட்டர் நீளத் தாடைகளை இரு முனைகளிலும் கால் வைத்து இறுக்கினேன். முனைகள் இறுகின, நடுவில் காற்று போனது. குன்னூர் ஐயா சொன்னது நடுவில் அழுத்தி முனை திறந்த கதை. என்னுடையது முனையில் அழுத்தி நடு திறந்த கதை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. எந்தப் பலகையும் அழுத்தப்படும் இடத்திலிருந்து தள்ளிப் போகப் போக வளைந்து விலகும். ஒரே இடத்தில், நடுவில் அழுத்துவதாக இருந்தால், தாடையின் உட்புறத்தை நடுவில் ஒரு மில்லிமீட்டர் குழிவாக இழைக்க வேண்டும். இறுக்கும்போது முனைகள் முதலில் தொட்டு, பிறகு நடு வந்து சேரும். இரண்டு இடங்களில் அழுத்துவதாக இருந்தால், கால்களை முனையிலும் வைக்காமல் நடுவிலும் நெருக்காமல், ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று உள்ளே தள்ளி வைக்க வேண்டும். 60 சென்டிமீட்டருக்கு அது 13 சென்டிமீட்டர். அங்கே வைத்தால் நடுவும் முனைகளும் ஏறக்குறைய சமமாக அழுந்துகின்றன. குழியும் வேண்டாம், உப்பலும் வேண்டாம். மூன்றாவது வைஸை அப்படித்தான் செய்தேன். காகிதக் கீற்று எந்த இடத்திலும் வழுக்கவில்லை.

அளவுகள் இவை. தாடைகள் இரண்டும் 60 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனம். கால்கள் நான்கு, ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் அகலம், 3 சென்டிமீட்டர் கனம். தாடைகளைக் கால்களின் உட்பக்கத்தில் திருகாணியால் பொருத்தினேன். கால்களின் அடியில், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே 53 மில்லிமீட்டர் கனக் கட்டை ஒன்றை வைத்தேன். தாடைகள் இரண்டும் சேர்ந்து 50 மில்லிமீட்டர், அடிக்கட்டை 53. இந்த 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தால், இறுக்கும்போது தாடைகளின் மேல் விளிம்பு முதலில் தொடுகிறது. இதை யாரும் விட்டுவிட வேண்டாம். அடிக்கட்டை மெல்லியதாகப் போனால் தாடைகள் கீழ்ப்பக்கம் தொட்டுக்கொண்டு மேலே விலகி நிற்கும். எவ்வளவு இறுக்கினாலும் பல்லுக்குக் கீழே பிடி வராது.

இறுக்கும் போல்ட்டுகளை மேலிருந்து 22 சென்டிமீட்டருக்குக் கீழே வைத்தேன். பெரிய ரம்பத்தின் தகடு கைப்பிடிப் பக்கத்தில் 17 அல்லது 18 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். போல்ட் அதற்கு மேலே இருந்தால் ரம்பம் அதன் மேல் உட்கார்ந்துவிடும். கோத்தகிரி நண்பருக்கு இரும்பு வைஸில் நடந்தது இதுவே. அடிக்கட்டையின் நடுவிலிருந்து தாடை விளிம்பு வரை 55 சென்டிமீட்டர், போல்ட் வரை 33 சென்டிமீட்டர் என்பதால், போல்ட்டில் தரும் விசையில் ஐந்தில் மூன்று பங்குதான் தாடைக்குப் போய்ச் சேருகிறது. அது தாராளமாகப் போதும். 10 மில்லிமீட்டர் போல்ட்டை இருபுறமும் காது உள்ள நட்டைக் கொண்டு கையால் இறுக்குகிறேன். ஸ்பானர் எடுத்ததே இல்லை. ரம்ப வைஸுக்கு வேண்டியது பெரிய விசை அன்று. பல்லுக்கு ஒட்டினாற்போல், தகட்டின் நீளம் முழுவதும் தொடர்ந்து தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கோடு.

தாடையின் உட்பக்கத்தில் மேலிருந்து 2 சென்டிமீட்டர் மட்டும் தொடும்படி விட்டு, அதற்குக் கீழே 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்கி எடுத்துவிட்டேன். டெனான் ரம்பத்தின் பித்தளை முதுகு அந்தப் பள்ளத்தில் அடங்கும். வெளிப்பக்கத்தில், மேல் விளிம்பு 7 மில்லிமீட்டர் கனம் மட்டும் மிஞ்சும்படி 45 பாகையில் சரிவாக இழைத்திருக்கிறேன். குறுக்கே அறுக்கும் ரம்பத்துக்கு அரத்தைச் சாய்த்துத் தள்ளும்போது விரல் மூட்டுகள் தாடையில் இடிக்காமல் இருக்க இந்தச் சரிவு வேண்டும். ஒரு முனையில் ரம்பத்தின் கைப்பிடி நுழையும்படி தாடையின் அடிப்பக்கத்தை வளைவாக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கைப்பிடிக்கு அருகே உள்ள கடைசிப் பத்துப் பற்களுக்குப் பிடி கிடைக்காது.

தாடையின் உதட்டில் எதை ஒட்டுவது என்பதில் எங்கள் வீட்டிலேயே இரு கருத்து உண்டு. என் கணவர் செருப்புத் தோல் என்பார். தோல் நன்றாகவே பிடிக்கும். ஆனால் மேகம் வீட்டுக்குள் நுழைந்து போகும் எங்கள் ஊரில் அதில் பூஞ்சை பூக்கிறது, தகட்டையும் துருப்பிடிக்க வைக்கிறது. நான் பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பஞ்சர் கடையில் கிடைக்கும் சொல்யூஷனால் ஒட்டியிருக்கிறேன். அதிர்வை ரப்பர் நன்றாக உள்வாங்கிக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: ரம்பத்தில் படிந்த பிசினை நம் நீலகிரித் தைலம் அழகாகக் கரைக்கும், ஆனால் தைலம் ரப்பரையும் இளக்கிவிடும். தைலம் போட்டுத் துடைத்த ரம்பத்தை நன்றாக உலர்த்திய பிறகே வைஸில் வையுங்கள்.

மறுமொழி: கூடலூரிலிருந்து

அக்கா எழுதியதைப் படித்தபோது என் அப்பா அரம் போடும் காட்சி கண்முன் வந்தது. அவரிடம் வைஸ் எதுவும் இருந்ததில்லை. முழங்கால் உயரப் பலா அடிமரத்துண்டு ஒன்றின் மேல்முகத்தில், தான் பயன்படுத்தும் ரம்பத்தாலேயே நேரான வெட்டு ஒன்றைப் போட்டிருந்தார். அந்த வெட்டில் ரம்பத்தின் முதுகை இறக்கி, பற்கள் மட்டும் மேலே தெரியும்படி வைத்து, பக்கத்தில் மெல்லிய மூங்கில் ஆப்பை அடித்துவிடுவார். பிறகு குந்தி உட்கார்ந்து, ரம்பத்தின் நீண்டிருக்கும் முனையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டு அரம் போடுவார்.

இதைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. இப்போதும் சிறிய ரம்பங்களுக்கு நான் இதையே செய்கிறேன். குன்னூர் ஐயா சொன்ன விதிக்கு இது முழுவதும் உட்படுகிறது: வெட்டின் ஆழம் தகட்டின் அகலத்துக்குச் சற்றே குறைவாக இருப்பதால், பல்லுக்கு அடியிலேயே இரு பக்கமும் மரம் தாங்குகிறது. ஆப்பும் பாதமும் அதிர்வை அடக்குகின்றன. செலவு எதுவும் இல்லை. குறையும் உண்டு. ஒரு ரம்பத்துக்காகப் போட்ட வெட்டு, அகலம் கூடிய இன்னொரு ரம்பத்துக்குப் பொருந்தாது. முதுகு வைத்த ரம்பம் அதில் இறங்கவே இறங்காது. குந்தி உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேலை செய்ய எல்லோருடைய முழங்காலும் ஒத்துழைக்காது. அப்பாவுக்கு அறுபது வயதுக்குப் பிறகு ஒத்துழைக்கவில்லை. ஆகவே தம்பியின் பெரிய ரம்பத்துக்கு அக்கா சொன்ன வைஸே பொருத்தம். அது முடியும் வரை டெனான் ரம்பத்தைத் தொடாமல், குறுக்கு ரம்பத்தை மட்டும் இப்படி ஒரு கட்டையில் வைத்துக் கை பழகலாம்.

இன்னொன்று: நீங்கள் இப்போது கடையில் வாங்கிய ரம்பம் ஏதேனும் வைத்திருந்தால், அதன் பல் நுனி நீலம் கலந்த கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது நுனியை மட்டும் கடினப்படுத்தியது. எந்த வைஸில் வைத்தாலும் அரம் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும், அரம்தான் வீணாகும்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. என் தாத்தாவின் பெட்டியில், ஒரு பக்கம் நீளமாக வெட்டுப் போட்ட கட்டை ஒன்று இருந்தது. அது எதற்கு என்று தெரியாமல் விறகோடு போட்டிருந்தேன். கூடலூர் அண்ணன் எழுதியதைப் படித்த அன்றே ஓடிப்போய் எடுத்து வந்தேன். அதன் வெட்டில் குறுக்கு ரம்பம் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அந்தக் கட்டையைத் துடைத்து மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. எங்கள் தெருவில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. மரத்துக்குப் பதிலாக, 40 மில்லிமீட்டர் இரும்பு ஆங்கிள் இரண்டை 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக் கீல் வைத்துச் செய்தால், மழைக்காலத்தில் திருகும் கவலை இருக்காதே? அடுத்து, வைஸை எந்த உயரத்தில் நிறுத்துவது?

மறுமொழி: குன்னூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஃபிட்டர்

ஆங்கிளில் செய்யலாம், செய்து பார்த்தும் இருக்கிறேன். கடையிலிருந்து வரும் ஆங்கிள் நேராக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதன் மேல், கீலை வெல்டிங் செய்யும்போது சூடேறிய பக்கம் ஆறுகையில் சுருங்கி, முழுத் துண்டையும் வில்லாக வளைக்கும். முனைகளில் மட்டும் சிறு புள்ளிகளாக வெல்டிங் வைத்து, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்தாலும், கடைசியில் விளிம்பைத் தட்டை அரத்தால் நேராக்கத்தான் வேண்டும். 60 சென்டிமீட்டர் நீள இரும்பைக் கையால் நேராக்குவது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். தேக்கை இழைப்புளியால் நேராக்கக் கால் மணி நேரம் போதும். இரும்பு அதிர்வை விழுங்காது, திருப்பித் தரும் என்பதும் உண்டு. இவற்றையெல்லாம் தாண்டிச் செய்தால் அது உங்கள் பேரனுக்கும் உழைக்கும். ஆனால் முதல் வைஸை மரத்தில் செய்யுங்கள். அக்கா கொடுத்த அளவில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

உயரத்துக்கு வருகிறேன். நேராக நின்று முழங்கையை மடக்கினால் முன்கை தரைக்கு இணையாக நிற்கும் உயரத்தில் பற்கள் இருக்கட்டும். அந்த உயரத்தில்தான் அரம் மேலும் கீழும் அலையாமல் கிடைமட்டமாகப் போகும். கண் மங்கியவர்கள் ஒரு சாண் உயர்த்தி வைத்துக்கொள்வார்கள். நானும் இப்போது அப்படியே.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வைஸ் நிற்கும் இடம் வைஸைப் போலவே முக்கியம். அதைச் சன்னலை நோக்கி வையுங்கள். வெளிச்சம் உங்களுக்கு எதிரிலிருந்து, தாழ்வாக வர வேண்டும். உச்சியைச் சமப்படுத்தியதும் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் சிறிய தட்டை முகம் ஒன்று மின்னும். அரம் போடப் போட அந்த மினுக்கம் சிறுத்துக்கொண்டே வரும். அது மறையும் அந்தத் தள்ளலோடு நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு தள்ளல்கூடக் கூடாது. எதிர் வெளிச்சம் இல்லாவிட்டால் அந்த மினுக்கம் கண்ணில் படாது. நம் ஊரில் மதியத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிட்டால் சன்னலை நம்ப முடியாது. மேசை விளக்கு ஒன்றைத் தாடைக்கு ஒரு அடி அப்பால், பல்லின் உயரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: கோத்தகிரி, ஏழு வாரங்களுக்குப் பிறகு

வைஸ் முடிந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் பழைய மரம் விற்கும் கடையில் தேக்கு நிலைச்சட்டத் துண்டு ஒன்று கிடைத்தது. கால்களுக்குச் சித்தப்பா வீட்டில் ஐந்து ஆண்டுகளாகக் கிடந்த சில்வர் ஓக். அளவுகள் எல்லாம் பண்ணைக்காடு அக்கா கொடுத்தவையே. முதல் சோதனையில் கைப்பிடிப் பக்கத்து முனையில் காகிதக் கீற்று வழுக்கியது. அந்த இடத்தில் டியூபுக்கு அடியில் அஞ்சலட்டைத் துண்டு ஒன்றை ஒட்டியதும் சரியாகிவிட்டது.

நேற்றுக் காலை, சன்னலுக்கு எதிரே வைத்து, 26 அங்குல ரம்பத்தை இரண்டே பிடியில் முடித்தேன். தாடையைவிட ரம்பம் 6 சென்டிமீட்டர் நீளம் என்பதால் கடைசியில் ஒரு முறை நகர்த்த வேண்டியிருந்தது. பல்லின் அடிப்பள்ளத்தைத் தாடைக்கு மேல் 5 மில்லிமீட்டரில் வைத்தேன். அரம் கிறீச்சிடவில்லை. ஐயா எழுதியிருந்த அந்தத் தாழ்ந்த உரசல் ஓசையை முதன்முறையாகக் கேட்டேன். ரம்பங்கள் பரணுக்குப் போகும் முன், நான் மிகச் சிறுவனாக இருந்தபோது, தாத்தாவின் பட்டறையிலிருந்து வந்த அதே ஓசை அது என்று என் அம்மா சமையலறையிலிருந்து வந்து சொன்னார்.

காய்ந்த சில்வர் ஓக் பலகையில், ஒரு அடி நீளத்துக்கு நார்வாட்டில் அறுத்துப் பார்த்தேன். ரம்பம் கோட்டை விட்டுச் சற்று இடப்பக்கம் ஒதுங்குகிறது. பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சற்று வளைத்து விலக்கியதில் ஒரு பக்கம் கூடிவிட்டது என்று நினைக்கிறேன். இது சரிதானா, எப்படித் திருத்துவது?

மறுமொழி: பண்ணைக்காடு, பழனி மலை

சரியாகக் கண்டுபிடித்திருக்கிறீர்கள் தம்பி. எந்தப் பக்கத்துப் பற்கள் கூடுதலாக விலகியிருக்கின்றனவோ அந்தப் பக்கம்தான் ரம்பம் ஒதுங்கும். அரத்தை மறுபடியும் எடுக்க வேண்டாம். ரம்பத்தைச் சமமான மேசையில் படுக்கவைத்து, இடப்பக்கப் பற்களின் மேல் நைசான சாணைக்கல்லைத் தகட்டோடு ஒட்டியபடி, கைப்பிடியிலிருந்து நுனி வரை அழுத்தாமல் ஒரே ஒரு முறை இழுங்கள். அறுத்துப் பாருங்கள். இன்னும் ஒதுங்கினால் இன்னொரு முறை இழுங்கள். இரண்டு அல்லது மூன்று முறைக்குள் நேராகிவிடும்.